பச்சைக்கு நடுவே நீலம்

அன்று வலியசாலை வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் கணபதி சார், அரசாங்க ஆடிட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி, எல்லோருக்கும் மாமி. மகள் சாரதா. எங்கள் கம்ப்யூட்டர் கடை முதலாளி சசிதரன் சார். டைப் வேலை கொடுக்கும் கம்பெனியிலிருந்து சோதிக்க வந்த பிந்து மேடம். பிறகு நான், முருகேசன். ஆறு பேர். பின்னாளில் எங்கள் கடையிலேயே இரண்டு பேர் தாங்களும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இல்லை. ஆறு பேர்தான்.

எங்கள் ஒயரிங் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னவர்கள் புதிய பிள்ளைகள். இப்போது வீட்டுக்கு வீடு ஒயரே இல்லாமல் நெட் வருகிறது. ஒரு வீட்டுக்குள் மூன்று கம்ப்யூட்டரைச் சேர்க்க உங்களுக்கு ஒரு நாள் முழுக்க ஆனதாமே அண்ணாச்சி என்று சிரிக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் ஆனது. அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. தக்கலைப் பக்கமிருந்து மலையாள மண்ணுக்கு வந்து ஆரியசாலையில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் நின்றேன். ஒயர்ச் சுருள் சுமந்து, பிறகு அளந்து வெட்டி, பிறகு வீடுகளில் ஒயரிங் செய்து பதினெட்டு வருடம் ஓடியது. அதற்குள் சாலை என்ற கடைத்தெருவில் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார ஆரம்பித்தது. சசிதரன் சார் கடை திறந்தபோது, சுவரில் அழகாக ஒயர் இழுக்கத் தெரிந்த ஆள் தேடினார். நான் போனேன்.

எனக்குப் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டும் வந்திருக்கிறேன். வேலையில் வெட்டிய எதையும் எறிய மாட்டேன். ஒயர்த் துண்டு, உடைந்த பிளக், திருகாணி எல்லாம் ஒரு பவுடர் டப்பாவுக்குள் போகும். பிறகு தேவைப்பட்டால்? என் மனைவி அந்த டப்பாவுக்கு ‘உங்க பேங்க்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

சசிதரன் சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எனக்கு அதுதான் கஷ்டம். வேலை முடிந்த இடத்துக்கு வருவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். ஒயர் போகும் வழியெல்லாம் கண்ணாலேயே நடந்து பார்ப்பார். பில்லில் கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“உறப்பாணோ?”

நிச்சயம்தானா என்று மலையாளத்தில் கேட்கிறார். ஆமா என்று சொன்னால் கையெழுத்து விழும். எனக்கு அந்த ஆமா வாயில் வராது. “இருக்கும் சார்” என்பேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒயரைச் சோதிக்கும் டெஸ்டரை வாங்கித் தன் கையால் பார்ப்பார். நாலு வருடமாக ஒவ்வொரு பில்லுக்கும் இதே நாடகம்.

இனி பிளக் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், கதையே இதில்தான் இருக்கிறது. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு ஒயர், நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொன்றும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளை ஒயரோடு முறுக்கியிருக்கும். முறுக்கைப் பிரித்து, எட்டையும் சீப்புப் பல் போல நிறுத்தி, நுனியை ஒரே மட்டமாக வெட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிளக்குக்குள் தள்ளி, கிரிம்பிங் டூல் என்ற இடுக்கியால் இறுக்கி அமுக்க வேண்டும். சார் எனக்கு ஒரு தடவை செய்து காட்டினார். நிறங்களின் வரிசை என் மண்டையில் நிற்கவில்லை. மறுபடி கேட்டால் ஏழாம் வகுப்புதானே என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். வீட்டுக்கு வந்து நானே ஒரு வரிசை யோசித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில். மறக்கவே மறக்காது. இரண்டு முனையிலும் அதே வரிசை. டெஸ்டரை வைத்தால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு ஒழுங்காக எரியும். கரண்டு ஒயரிங் செய்து வந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த முனையில் விட்டது அந்த முனையில் வருகிறது.

இப்படிச் சாலைக் கடைகளில் இருபத்துமூன்று லைன் போட்டேன். கல்லாவிலிருந்து உள்ளே இருக்கும் குடோன் வரை, பத்தடி, பதினைந்தடி. எல்லாம் ஓடின.

பிறகு வலியசாலை வீடு. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். சாரதா கணவனோடு ஒத்துப்போகாமல், பள்ளிக்கூடம் போகும் மகளோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை அப்போது இங்கே பரபரப்பாக இருந்தது. அதை வீட்டிலிருந்தே செய்ய ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. சாரதா தன் ஆறு வளையலையும் பேங்கில் அடகு வைத்து இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார், ஒன்று அவருக்கு, ஒன்று கூட வேலை செய்யப்போகும் சிநேகிதிக்கு. கம்பெனியின் நிபந்தனை இரண்டு. வந்துபோகிறவர் காதில் விழாத தனி அறை வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து பார்க்கும்போது, குரல் ஃபைல் இரண்டு கம்ப்யூட்டருக்கும் அறுபடாமல் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அடுத்த வீட்டுக்குப் போகும். வளையல் பேங்கிலேயே இருக்கும்.

தனி அறை வீட்டின் கடைசியில். டெலிபோனும், அதன் வழியாக ஃபைலை இறக்கும் கணபதி சாரின் கம்ப்யூட்டரும் தெருவைப் பார்த்த கூடத்தில். டெலிபோன் தன் கையெட்டும் தூரத்தை விட்டு நகராது என்று அவர் சொல்லிவிட்டார். அந்தத் தெரு வீடுகள் உங்களுக்குத் தெரியும், ரயில் பெட்டி கோத்த மாதிரி உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நேராகப் போனால் முப்பது மீட்டர். மாமி பூஜை அறைச் சுவரில் துளை போடக் கூடாது என்றார், அடுக்களைச் சுவரிலும் கூடாது. பரணில் ஏறி, முற்றத்தைச் சுற்றி, நாற்பத்தைந்து மீட்டர் ஆனது.

புதன்கிழமை ஒயர் இழுத்தேன். பின்னறையில் எல்லா ஒயரையும் ஒன்று சேர்க்கும் ஹப்பின் பெட்டிக்குள், அதைத் தயாரித்தவர்களே செய்து அனுப்பிய ஒரு மீட்டர் கேபிள் இருந்தது. அதன் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவே நீல ஜோடியைத் திணித்திருந்தார்கள். அவசரத்தில் எவனோ தப்பாகச் செய்திருக்கிறான், இது போயும் போயும் இந்த வீட்டுக்கு வர வேண்டுமா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. இரண்டு பிளக் தலையையும் வெட்டி, என் வரிசைப்படி திருத்திப் போட்டேன். வெட்டிய தலைகள் டப்பாவுக்குள் போயின. செய்த உதவியை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். கூடத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால் பின்னறைக்கு வந்தது. பின்னறையின் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே பெரிய ஃபைலும் போனது. கூடத்திலிருந்து குரல் ஃபைலை அனுப்பினால் மட்டும், திரையில் காகிதம் பறப்பது போல ஒரு படம் வருமே, அது நாலு தடவை பறந்து அப்படியே நிற்கும். பிறகு பிழை என்று ஒரு கட்டம் வரும். டெஸ்டரை வைத்தால் எட்டு விளக்கும் ஜோராக எரிந்தன.

கரண்டு ஒயர் பக்கத்தில் போவதால் இருக்கும் என்று நினைத்து, பரணில் ஏறி ஒரு முழம் தள்ளி வைத்தேன். காகிதம் நிற்கவே செய்தது. கிரைண்டர் ஓடுவதால் இருக்கும் என்று மாமியிடம் போய் நிறுத்தச் சொன்னேன். மாமி மாவுக் கையோடு கூடத்துக்கு வந்து கணவரிடம் முறையிட்டார்.

“மாவரைக்கக் கம்ப்யூட்டர்கிட்ட உத்தரவு வாங்கணுமாக்கும். நாளைக்கு இட்லிக்குப் பதிலா இவன் ஒயரைத்தான் தட்டில வைக்கப் போறேன், கேட்டேளா.”

கேபிளே கெட்டதோ என்று வியாழக்கிழமை முழுதும் உருவிப் புதிது இழுத்தேன். உருவியதைத் துண்டு துண்டாக வெட்டி, எங்கே அறுந்திருக்கிறது என்று தேடினேன். எங்கும் அறுந்திருக்கவில்லை. புதிய கேபிளிலும் காகிதம் நாலு தடவை பறந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சசிதரன் சார் வந்தார். செருப்பை ஓரமாக வைத்தார். கூடத்திலிருந்து பின்னறை வரை மெதுவாக நடந்து வந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தன் கையால் டெஸ்டர் வைத்தார். எட்டும் எரிந்தன. அவரும் என்னைப் போல அந்த விளக்கை நம்பினார். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

கணபதி சார் பின்னறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “விளக்கு எட்டும் எரியறது, ஃபைல் மட்டும் போகலை. இந்த மாதிரிக் கேஸ் நான் சர்வீஸ்ல நிறையப் பாத்தாச்சு. வவுச்சர் எல்லாம் பக்காவா இருக்கும். பணம் மட்டும் போய்ச் சேந்திருக்காது.”

கிண்டலாகத்தான் சொன்னார். நான் டெஸ்டரை மறுபடி செருகிப் பார்த்தேன்.

சார் சாரதாவிடம் திங்கட்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். திங்கட்கிழமை அவர்களுக்கு வேறு வீடு இருக்கிறது என்றார் சாரதா. பிறகு என் பக்கம் திரும்பினார். மூன்று நாளாக அந்தப் பெண் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

“முருகேசன், நெஜத்தைச் சொல்லிடுங்கோ. பன்னண்டுக்குள்ள ஆகுமா, ஆகாதா? ஆகாதுன்னா நானே ஃபோன் பண்ணி வரவேண்டாம்னுடறேன். வந்து பாத்து சிரிச்சுட்டுப் போறதுக்கு அது தேவலை.”

கையில் அப்போது ஒரு வளையல்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு ‘ஆகாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால் மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முற்றத்து ஓரம் போய் உட்கார்ந்தேன்.

பயந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்னென்ன கெடலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருப்பான். போட்டேன். வழியை மாற்றியாயிற்று. கேபிளை மாற்றியாயிற்று. கிரைண்டரை நிறுத்தியாயிற்று. மாறாமல் இருப்பது என்ன? என் கை ஒன்றுதான். இந்த வீட்டில் என் கை படாமல் வந்த ஒயர் ஏதாவது உண்டா? ஒன்று இருந்தது, ஹப் பெட்டியில் வந்த அந்த ஒரு மீட்டர். அதையும் விடாமல் வெட்டித் தொலைத்திருந்தேன்.

டப்பாவைத் தரையில் கொட்டினேன். அந்த இரண்டு தலைகளும் கிடைத்தன. வெயிலில் பிடித்தேன். இரண்டிலும் பச்சைக்கு நடுவே நீலம். அவசரத்தில் ஒருவன் ஒரு தலையைத் தப்பாகச் செய்வான். இரண்டையும் அச்சடித்த மாதிரி ஒரே விதமாகத் தப்பாகச் செய்வானா?

வலியசாலை வீடு முதலில் நினைவுக்கு வரவில்லை. சாலையில் போட்ட இருபத்துமூன்று லைனும் வரிசையாக வந்து நின்றன. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு எழுந்து போய் சாரிடம் அந்தத் தலையையும் என் நோட்டையும் சேர்த்து நீட்டினேன்.

“சார், என் வரிசை தப்பு சார்.”

அவர் தலையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் மெதுவாக விளக்கிச் சொன்னார். எட்டு ஒயர் இருந்தாலும் கம்ப்யூட்டர் பேசுவது நாலில்தான். ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் இன்னொரு ஜோடி. அந்த மூன்றும் ஆறும் ஒரே முறுக்கில் இருந்தால்தான் பக்கத்து ஒயரின் சத்தம் உள்ளே புகாது. என் வரிசையில் மூன்று பச்சை முறுக்கில், ஆறு நீல முறுக்கில். பத்தடிக்கு அது பொறுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்து மீட்டருக்குப் பொறுக்காது. சின்னக் கடிதம் தப்பித்துப் போய்விடும், பெரிய ஃபைல் மாட்டிக்கொள்ளும். விளக்குக்கு முறுக்கு தெரியாது, அது எரியும்.

“ஞான் காணிச்சப்போ மனசிலாயில்லெங்கில் சோதிக்காமாயிருந்நல்லோ” என்றார். புரியாவிட்டால் கேட்டிருக்கலாமே என்று.

“பயந்துட்டேன் சார்.”

“என்னெயோ?”

அவர் முகத்தில் கோபம் இல்லை. யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு பரவாயில்லை என்று என்னிடம் கிரிம்பிங் டூலை எடுத்து நீட்டினார். “சாரமில்ல. வெட்டு.”

மூன்று கேபிள், ஆறு தலை. மணி பதினொன்று இருபது. கூடத்து முனையில் செய்த முதல் தலையில் பிரவுன் வெளியே நின்றுவிட்டது. வெட்டி மறுபடி செய்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடுக்கினேன். அறை வாசற்படியிலிருந்து கணபதி சாரும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார், சந்தியாவந்தனம் போல. நாலாவது தலையில் இருக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. பிந்து மேடம் இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்.

அன்று மாமி செய்தது பெரிய காரியம். காபி கொடுத்தார். வெயிலில் வந்ததற்கு மோர் கொடுத்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், இந்த வயதில் இவ்வளவு மெலிவாக இருக்கலாமா என்று கூடத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்த ஒவ்வொரு தடவையும் இன்னொரு டம்ளர் வந்தது.

ஆறாவது தலையை அமுக்கி முடித்தேன். ஹப்பில் செருகினேன். சசிதரன் சார் பேனா மூடியைக் கழற்றினார்.

“உறப்பாணோ?”

“உறப்பாணு சார்.”

என் வாயில் வந்ததை நானே கேட்டேன். அவரும் கேட்டார். டெஸ்டரைத் தொடவில்லை. ஃபைல் போகிறதா என்றும் பார்க்கவில்லை. பில்லை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். என் முப்பத்தைந்து வருட வேலையில் எனக்குக் கிடைத்த பதக்கம் அதுதான்.

பிந்து மேடம் கூடத்துக் கம்ப்யூட்டரில் தான் கொண்டுவந்த குரல் ஃபைலை ஏற்றி, பின்னறைக்கு வந்து சாரதாவை எடுக்கச் சொன்னார். சாரதா அமுக்கினார். காகிதம் ஒரு தடவை பறந்தது, இரண்டு தடவை பறந்தது, கட்டமே மறைந்துவிட்டது. சாரதா முகம் செத்துவிட்டது. “போச்சு” என்றார்.

போகவில்லை. வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிந்து மேடம் குனிந்து ஃபைலைத் திறந்தார். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு டாக்டர், யாருடைய முழங்காலைப் பற்றியோ கனத்த குரலில் பேச ஆரம்பித்தார்.

“பின்கட்டில யாருன்னா அது, ஆம்பளைக் குரல்?” என்று மாமி அடுக்களையிலிருந்து கேட்டார்.

“முழங்கால் டாக்டர்” என்றார் கணபதி சார். “இனிமே தினம் வருவார்.”

மேடம் விடவில்லை. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொன்னார். திரும்பக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். நானே போய் மாமியிடம் கிரைண்டரைப் போடச் சொன்னேன். கிரைண்டர் உறுமியது, முழங்கால் டாக்டர் நிற்காமல் பேசினார். திங்கட்கிழமை முதல் வேலை அனுப்புகிறோம் என்று மேடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாரதா அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஹப்பில் மினுக்கும் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருடம் ஆகும் முன்னால் ஆறு வளையலும் கைக்கு வந்துவிட்டன. பிறகு அந்தப் பின்னறையில் நாலு கம்ப்யூட்டர், தெருவில் நாலு பெண்களுக்கு வேலை. லைன் எல்லாம் நான் போட்டதுதான்.

சாலையில் போட்ட இருபத்துமூன்றையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தினேன். ஒவ்வொரு கடையிலும் என் தப்பு, மாற்ற வந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் கை வைத்தேன். அரிசி மண்டி அண்ணாச்சி, “ஓடிட்டு இருக்கதை எதுக்குடே நோண்டுத?” என்று திட்டினார். அடுத்த வாரம் என்னைப் பார்த்து, குடோன் பில் இப்போது சட்டென்று வருகிறதே, என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டார்.

செலவை என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். வீணாக வெட்டிய நாற்பத்தைந்து மீட்டர் கேபிள் ஐந்நூற்று நாற்பது ரூபாய். சாலையில் மாற்றிய நாற்பத்தாறு பிளக் நானூற்று அறுபது. வலியசாலை வீட்டில் வெட்டிய ஆறு பிளக் அறுபது. நானே எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். சார் படித்துவிட்டு அவர் நோட்டில் பதிந்துகொண்டார். இப்போது வேண்டாம், அந்த வீட்டு லைனில் என்றைக்காவது ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும், அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

என்னைப் போன்றவனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அன்றிலிருந்து கடையில் போன் அடித்தாலே வலியசாலையோ என்று திடுக்கிடுவேன். ஒரே ஒரு தடவை வந்தது. பின்னறையில் எல்லாம் நின்றுபோய்விட்டது என்று சாரதா கூப்பிட்டார். பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஓடினேன். மாமி ஹப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே மிக்ஸியைச் செருகியிருந்தார். திரும்பி வந்து சாரிடம் நடந்ததைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். “அது மிக்ஸியல்லே” என்றார். அது மிக்ஸியின் குற்றம்தானே என்று பணத்தைத் தள்ளிவிட்டார்.

போன வருடம் நான் ஓய்வு பெற்ற அன்று அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோனேன். சார் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். கம்ப்ளெயின்ட் வந்ததா என்று கேட்டார். இல்லை சார் என்றேன்.

“உறப்பாணோ?”

“உறப்பாணு சார்.”

கவரை என் பக்கமே நகர்த்தினார். ஆயிரத்து அறுபது ரூபாய், இன்னும் பாக்கி.